ஆழமான சோபாவும் அக்காவின் முழங்காலும்

நமது சங்க மலருக்குச் சோபா வாங்குவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "நீங்க வாங்கின சோபாவோட லட்சணம் ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சென்ற பொங்கல் விழாவில் மட்டும் மூன்று நண்பர்கள் என்னைத் தனியாக அழைத்து, "சார், ஹாலுக்கு நல்ல ஆழமான சோபா ஒண்ணு போடணும், எது நல்லது?" என்று விசாரித்தார்கள். ரயில்வேயில் இருக்கைகளோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். தெரிந்தும் நான் செய்த தவறு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன், மருமகள், பேரன் மூவரும் விடுமுறைக்கு வருவதாக இருந்தார்கள். ஹாலில் கிடந்த பழைய மர சோபாவைப் பார்த்துப் பார்த்து மகனுக்கு அலுத்துவிட்டது. "அப்பா, காலைத் தூக்கி மேலே வைச்சுக்கிட்டு உட்கார்ற மாதிரி, நல்லா உள்வாங்கின சோபாவா வாங்கிடுங்க. நாங்க வர்றதுக்குள்ள வந்துடட்டும்" என்றான். இப்போதெல்லாம் அதுதான் எல்லோருடைய ஆசையும். அகலமான மெத்தை, தாழ்ந்த உயரம், சாய்ந்தால் அப்படியே அமிழ்ந்துபோக வேண்டும். நகரத்தில் ஒரு கடையில் போய்ப் பார்த்தோம். நான் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. நாள் முழுவதும் கடை கடையாக நடந்த கால்களுக்கு எந்த சோபாதான் சுகமாக இருக்காது! எட்டடி நீளம், மூன்று பேர் உட்காரலாம், வெள்ளையோடு சேர்ந்த சந்தன நிறம். வாங்கிவிட்டோம்.

மகன் குடும்பம் வந்தது. பேரன் அதன் மேலேயே குடியிருந்தான். எல்லோருக்கும் பரம திருப்தி.

அந்தச் சமயத்தில்தான் மயிலாடுதுறையிலிருந்து என் அக்கா வந்தார். நேர் ரயில் இருப்பது எங்களுக்கு ஒரு பாக்கியம். சாயங்காலம் ஏறினால் காலையில் மைசூர். அக்காவுக்கு வயது 77. எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அவர்தான். பேரனைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் தங்கிப் போவதாகத் திட்டம்.

ஒரு நாள் மகன் குடும்பம் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தது. நானும் மனைவியும் நாலு மணிக்கு ஒரு வேலையாக வெளியே கிளம்பினோம். அக்கா புது சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், திரும்பி வர ஆறரை ஆகிவிட்டது. வீடு இருட்டாக இருந்தது. டி.வி. வெளிச்சம் மட்டும். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அக்கா, லைட் போடலையா?"

"இருட்டு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்தது தம்பி" என்றார்.

விளக்கேற்றும் நேரத்தில் வீட்டை இருட்டாக விடுகிறவர் இல்லை என் அக்கா. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் சோபா பக்கமே வரவில்லை. சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். கூப்பிட்டால், "இங்கதான் காத்து வருது" என்பார். ஒரு வாரம் முன்னதாகவே, தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று சொல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்த ராத்திரிதான் என் மனைவி சொன்னாள். "அண்ணி அன்னைக்கு ரெண்டரை மணி நேரமும் எழுந்திருக்க முடியாமத்தான் உட்கார்ந்திருந்தாங்க. மூணு தடவை முயற்சி பண்ணியிருக்காங்க, முடியலை. பாத்ரூம் போகணும்னு இருந்திருக்கு. அதுக்கப்புறம் சாயங்காலக் காப்பியைக்கூட வேணாம்னு சொன்னாங்களே, கவனிச்சீங்களா? உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. பிள்ளை ஆசையா வாங்கினதைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமாம்."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக இஞ்சு டேப்பை எடுத்தேன்.

சோபாவின் உட்காரும் பகுதி, முன் விளிம்பிலிருந்து முதுகு சாயும் இடம் வரை 26 அங்குலம். தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் 16 அங்குலம். நான் உட்கார்ந்தபோது என் மனைவியை அளக்கச் சொன்னேன். நாலு அங்குலம் அமுங்கி 12 ஆகிவிட்டது. ஊருக்குப் போன் செய்து, அக்காவைப் பலகை பெஞ்சில் நேராக உட்காரச் சொல்லி, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளக்கச் சொன்னேன். "எதுக்குடா இதெல்லாம்?" என்றார். "சும்மாதான்" என்றேன். 18 அங்குலம். முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை பதினைந்தரை.

கணக்கு இவ்வளவுதான். 18 அங்குலத் தொடை உள்ளவரை 26 அங்குல ஆழத்தில் உட்கார வைத்தால் இரண்டே வழி. முதுகைச் சாய்த்தால் கால் தரையைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்கும். காலைத் தரையில் வைத்தால் முதுகுக்குப் பின்னால் எட்டு அங்குலம் வெற்றிடம். கூன் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

இதைவிட முக்கியம் எழுந்திருப்பது. நாம் நாற்காலியிலிருந்து எழும்போது என்ன செய்கிறோம் என்று கவனித்ததுண்டா? முதலில் விளிம்புக்கு நகர்கிறோம். பிறகு இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குக் கீழே, கொஞ்சம் பின்னுக்கே இழுத்துக்கொள்கிறோம். பிறகு தலையையும் மார்பையும் முன்னால் சாய்த்து, உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தின் மேல் வந்த பிறகுதான் எழும்புகிறோம். பாரம் பாதத்தின் மேல் வராமல் யாராலும் எழ முடியாது, பயில்வானாலும் முடியாது. ஆழமான சோபா இந்த மூன்றையும் தடுக்கிறது. எட்டு அங்குலம் நகர்ந்து வந்தாக வேண்டும், அதுவும் உள்வாங்கும் மெத்தையில், கைக்குப் பிடிப்பு இல்லாமல். முன்பக்கம் தரை வரை பலகை அடைத்திருப்பதால் பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடமில்லை. உட்கார்ந்த உயரம் காலின் உயரத்தைவிடக் குறைவாக இருப்பதால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது. அங்கிருந்து எழுந்தால் மொத்தச் சுமையும் முழங்கால் மூட்டில் விழும். 12 அங்குல உயரத்திலிருந்து எழுவது அக்காவுக்குக் குழியிலிருந்து ஏறுவது மாதிரி.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று நினைக்கிறீர்கள்? அசோகபுரம் ரயில்வே ஒர்க்ஷாப்பில். மைசூர் சமஸ்தானத்து ரயில்வேக்காக 1924இல் ஏற்பட்ட தொழிற்சாலை அது. 1951இல் தென்னக ரயில்வேயோடும் பிற்பாடு தென்மேற்கு ரயில்வேயோடும் சேர்ந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு 1981இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சில காலம் டிரிம்மிங் ஷாப்பில் போட்டார்கள். பெட்டிகளின் இருக்கை, மெத்தை, ரெக்ஸின் வேலையெல்லாம் அங்கேதான். எனக்கு அப்போது கன்னடம் சுத்தமாகத் தெரியாது. அங்கிருந்த வயதான மேஸ்திரி ஒருவர் புது சீட்டைச் சரி பார்க்கும்போதெல்லாம், "கூத்து நோடிதரெ சாலது, எத்து நோடு" என்பார். கூத்து பார்க்கச் சொல்கிறார், பிறகு எத்தச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் சீட்டை ஒரு எத்து எத்தியிருக்கிறேன். ஷாப்பே சிரித்தது. உட்கார்ந்து பார்த்தால் போதாது, எழுந்து பார் என்று அதற்கு அர்த்தம். அந்த மேஸ்திரியின் பாடத்தை நாற்பது வருஷம் கழித்துக் கடையில் நான் மறந்துவிட்டேன்.

இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் வெறும் மரப்பலகையாக இருந்த காலம் மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1977 முதல் 1979 வரை ரயில்வே மந்திரியாக இருந்த மது தண்டவதேதான் அதன் மேல் நுரைமெத்தை போட ஏற்பாடு செய்தார். எத்தனை கனம் தெரியுமா? இரண்டே அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தில் இந்த தேசத்தின் ஏழை ஜனங்கள் கோடிக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கிப் போயிருக்கிறார்கள். சுகம் என்பது மெத்தையின் கனத்தில் இல்லை என்று எனக்குப் புரிந்தது அதில்தான். அடியில் உறுதியான பலகை, மேலே கொஞ்சம் மெத்தென்று ஒரு படுகை. நல்ல சோபாவுக்கும் இதேதான் சூத்திரம்: அடியில் நாலு அங்குலம் கெட்டியான ஃபோம், மேலே இரண்டு அங்குலம் மிருதுவான ஃபோம். முழுவதும் மிருதுவாகப் போட்டால் ஆறே மாதத்தில் குழி விழும்.

ஃபோம் விஷயத்தில் கடைக்காரர்கள் "40 டென்சிட்டி சார்" என்று ஒரு மந்திரம் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கிறது என்று அதற்குப் பொருள். கெட்டியா மிருதுவா என்பது வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டென்சிட்டி அதிகமென்றால் அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். சொல்வது உண்மையா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து, அதற்குப் பத்து என்று ஒரு துண்டு வெட்டி மளிகைக்கடைத் தராசில் போட்டால் 40 கிராம் காட்ட வேண்டும். சோபாவின் குஷன் ஜிப் வைத்து கழற்றும்படி இருந்தால் இன்னும் சுலபம். என் வீட்டுக் குஷன் ஒன்று 28 அங்குல அகலம், 26 ஆழம், 6 கனம். 40 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 2 கிலோ 850 கிராம் இருக்க வேண்டும். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுத்தும் கொக்கித் தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதில் மாட்டினேன். 1 கிலோ 700. நாலு அங்குலம் ஏன் அமுங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. கடைப் பெயர் வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் நிறுத்துப் பார்க்காதது என் தவறு.

மரத்தைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் மரக்கடையில் ஏமாறுவது பாதி பெயர்க் குழப்பத்தால்தான். இந்த ஊர் ஆசாரி "ஹொன்னெ" என்றால் அது நம் வேங்கை. "நந்தி" என்றால் வெண்தேக்கு. தேக்கு என்று நினைத்துத் தேக்கு விலை கொடுத்துவிடாதீர்கள், ஆனால் சட்டத்துக்கு நல்ல மரம்தான். "பீட்டெ" நம்முடைய ஈட்டி. அரண்மனையில் அம்பாவிலாஸ மண்டபத்துக் கதவில் தந்தம் பதித்துப் பார்த்திருப்பீர்களே, அந்த மரம். மைசூர் ஈட்டி மரத்தில் வேறு வேறு நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு பதிப்புப் பலகையை வாங்கிச் சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டுங்கள், ஹாலே நிமிர்ந்துவிடும். சோபா முழுவதையும் ஈட்டியில் செய்ய நினைத்தால் உங்கள் வசதி. குடகில் காப்பித் தோட்ட நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். பலகைக்குச் சரி, பாரம் தாங்கும் மூலைகளுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மெத்தை சுற்றிய சோபாவில் உள்ளே என்ன மரம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. முன்பக்கத்து ஒரு காலைப் பிடித்து ஆறு அங்குலம் தூக்குங்கள். அடுத்த முன்காலும் கூடவே எழும்ப வேண்டும். அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். வேறு கடை பாருங்கள்.

சரி, என் சோபாவுக்கு என்ன செய்தேன்? தூக்கிப் போட மனம் வரவில்லை. மகனும் பேரனும் வந்தால் அதுதான் அவர்களுக்கு வேண்டும். ஆறடி உயரமுள்ள மகனுக்கு 26 அங்குலம் பொருத்தமாகவே இருக்கிறது, காலை மடக்கி உட்கார்ந்தால். ஆழமான சோபாவே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. படுத்துக் கிடப்பவரின் உடம்பை வைத்து ஆழத்தைத் தீர்மானித்துவிட்டேன். அதிலிருந்து எழ வேண்டியவரை அளக்கவில்லை. அதுதான் பிசகு.

ஒரு மெத்தைக்காரரையும் ஆசாரியையும் வீட்டுக்கே வரவழைத்தேன். முன்பக்கத்து அடைப்புப் பலகையைக் கழற்றி, ஐந்து அங்குலம் உள்ளே தள்ளி மாட்டினோம். குதிகால் பின்னுக்குப் போக இடம் கிடைத்தது. கால்களை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தினோம். மூன்று குஷன்களின் ஃபோமையும் மாற்றினோம். இப்போது உட்காராதபோது 18 அங்குலம், உட்கார்ந்தால் 16. ஒரு ஓரத்துக் கைப்பிடி பஞ்சு மூட்டையாக, பாதியிலேயே முடிந்திருந்தது. அதைப் பிரித்து, வேங்கைக் கட்டை வைத்து, இருக்கையின் முன் விளிம்பு வரை நீட்டினோம். எழுகிறவர் கை ஊன்றுவது விளிம்பில்தான்; கைப்பிடி பின்னாலேயே நின்றுவிட்டால் அழகுக்குத்தான் ஆகும். எல்லாமாகச் சேர்த்து சோபா விலையில் ஆறில் ஒரு பங்கு செலவானது.

ஆழத்தை என்ன செய்வது? அதற்கு நம் பாட்டன்மார் வழி இருக்கிறது. திண்டு! நீளமாக உருட்டி, கெட்டியாகத் தென்னை நார் அடைத்து, பத்து அங்குலக் கனத்தில் ஒரு திண்டு தைக்கச் சொன்னேன். கைப்பிடி மாற்றிய ஓரத்து இருக்கையில் அதை முதுகுக்குப் பின்னால் போட்டால் 26 அங்குலம் 16 ஆகிவிடுகிறது. தொடையின் அளவில் இரண்டு அங்குலம் கழித்தால் வருவதுதான் ஒருவருக்குச் சரியான ஆழம். முழங்கால் மடிப்புக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும். மற்ற இரண்டு இருக்கைகளுக்கு இலவம் பஞ்சு அடைத்த பெரிய சதுரத் தலையணைகள். என் மாதிரி நடுத்தர உயரக்காரர்கள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மகன் எடுத்துத் தரையில் போட்டுவிடலாம். ஒரே சோபா மூன்று அளவு. இலவம் பஞ்சு கட்டி தட்டும் என்பார்கள். மாதம் ஒரு முறை மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்டினால் போதும், இந்த ஊரில் ஆடி மழை மாதங்களில் அதைச் செய்யத் தவறாதீர்கள்.

சோபா என்ற சொல்லே அரபு மொழியில் மேடை, திண்ணை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாயவரத்து வீட்டில் திண்ணை இருந்தது, கூடத்தில் ஊஞ்சல் இருந்தது, அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தால் கால் தொங்கும், எழுந்து நடக்கலாம். ஊஞ்சலே ஆளை முன்னால் தள்ளி எழுப்பிவிடும். சாய்வு நாற்காலி ஒன்றுதான் அமிழ்கிற ஆசனம். அதில் அப்பாவைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அலங்காரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் மனைவியைத்தான் கை காட்ட வேண்டும். எங்கள் வீடு பழைய வீடு, சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரை. அந்தச் சிவப்புக்கு எதிரே சந்தன நிற சோபா தனியாக, ஆஸ்பத்திரி மாதிரி நின்றது. அதோடு முதல் வாரமே காப்பிக் கறை. அவள் தன் பழைய சுங்குடிப் புடவைகளை எடுத்தாள். அரக்கு, கரும்பச்சை, மஞ்சள் கரை என்று தலையணை உறைகளும் திண்டு உறையும் தைத்தாள். மெத்தைக்கு மேல் கழற்றித் துவைக்கும்படி கெட்டியான காடாத் துணி உறை. கீழே பவானி ஜமுக்காளம், சோபாவின் முன்கால்கள் அதன் ஓரத்தில் ஏறி நிற்கும்படி. ஜமுக்காளம் சோபாவைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. குட்டையாக இருந்தால் பெரிய ஆள் சின்னப் பாயில் படுத்த மாதிரி இருக்குமாம். ரெக்ஸின் மாதிரியான பளபளப்புத் துணி வேண்டாம் என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. வேர்க்கும், ஒட்டும், சில வருஷத்தில் தோல் உரியும்.

சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், மூன்று அங்குலம் விடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டால் துணி வெளுக்கும். இடத்தைப் பொறுத்தவரை, கடையில் சொல்லும் "ஆழம்" பெரும்பாலும் வெளி அளவு. எங்களுடையது வெளியே 40 அங்குலம். 12 அடி அகல ஹாலில் அது போக 104 அங்குலம் மிச்சம். டீப்பாய்க்கு முன்னால் கால் வைக்க ஒன்றரை அடி, டீப்பாய் இரண்டடி, நடக்க இரண்டரை அடி என்று கணக்குப் போட்டால், அது போக மிஞ்சுவது மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவுதான், டி.வி. மேஜையும் அதற்குள்தான். இட நெருக்கடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கிருஷ்ணராஜசாகர் ரோட்டில் உள்ள ரயில் மியூசியத்துக்குப் போய், 1899ஆம் வருஷத்து மகாராணி சலூனைப் பார்த்துவிட்டு வாருங்கள். சமையல், சாப்பாடு, குளியல் என்று ஒரு ராஜ குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் ரயில் பெட்டி அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது.

வாசல் நிலையையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வாசல் 36 அங்குலம், சோபா 40. கால்களைக் கழற்றி, ஒருக்களித்துச் சாய்த்துத்தான் உள்ளே வந்தது. வராமல் கடைக்கே திரும்பிப் போன சோபாக்களும் எங்கள் தெருவில் உண்டு.

இன்னொரு விஷயம். தசரா சமயத்தில் கொலுவுக்கு வருகிற பெண்கள், தமிழ் வீடானாலும் கன்னட வீடானாலும், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து குங்குமம், சுண்டல் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள். பட்டுப்புடவையோடு அவர்களை ஆழமான சோபாவில் உட்காரச் சொன்னால் விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள். அவர்களுக்காக ஹாலில் நேர் முதுகுள்ள, கைப்பிடி வைத்த மர நாற்காலி இரண்டு கட்டாயம் இருக்க வேண்டும். பழைய மர சோபாவை யாருக்கோ கொடுத்துவிட்டதற்கு இப்போது வருந்துகிறேன்.

கடைக்குப் போகும்போது டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், வீட்டில் மூத்தவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். பிறகு நீங்கள் கை கொடுக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். விற்பனைப் பையன் ஓடி வந்து தூக்கிவிடப் பார்ப்பான், அவனையும் தடுத்துவிடுங்கள். வெளியூரில் இருப்பவரானால் போனில் அளவு கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் சொல்வார்கள்.

நவராத்திரிக்கு அக்காவை மறுபடி கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மனைவி பேசி வரவழைத்தாள். வந்த அன்று சாயங்காலம், "அண்ணி, இந்த ஓரத்துல உட்காருங்க" என்று திண்டு போட்ட இடத்தைக் காட்டினாள். அக்கா சோபாவை ஒரு சந்தேகப் பார்வை பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். சுங்குடி உறையைப் பார்த்து, "இது என்னோட தீபாவளிப் புடவை மாதிரியே இருக்கே" என்றார். மெதுவாக உட்கார்ந்தார். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் உட்கார்ந்திருந்தேன்; அடுத்த பக்கத்தில் என்ன செய்தி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

காப்பி வந்தது. இரண்டு டம்ளர் குடித்தார். ஊர்க் கதை, உறவுக் கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே குக்கர் விசில் அடித்தது. என் மனைவி எழுந்திருக்கப் போனாள்.

"நீ இரு, மூணு ஆயிடுச்சு. நான் போய் அணைக்கிறேன்" என்று சொல்லி, கைப்பிடியில் ஒரு கை ஊன்றி எழுந்து, அக்கா சமையலறைக்குப் போனார்.